ஒன்பதாம் நம்பர் மடிப்பு

"காலிப் பெட்டி சார்! ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு காலிப் பெட்டி!"

கடை மேனேஜர் மேசையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். வைத்த வேகத்தில் மேசையின் ஆடுகிற கால் சரிந்தது. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த தீப்பெட்டியை டிக்கெட் அக்கா செருப்புக் காலாலேயே தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தினாள். அந்தத் துப்பறியும் ஆபீசில் அவள் பார்க்கிற உத்தியோகங்களில் அதுவும் ஒன்று. மற்றவை: போன் எடுப்பது, கூட்டுவது, கேஸ் நோட்டு எழுதுவது, வாயை மூடாமல் இருப்பது.

பதினெட்டு வருஷம் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவள். கொட்டகையை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். துப்பறிவாளரைவிடப் பத்து வயது மூத்தவள். ஆள் யாராவது எதிரே இருந்தால் அவரை 'சார்' என்பாள். கதவைச் சாத்திவிட்டால் 'தம்பி'தான்.

"நிதானமா சொல்லுங்க" என்றார் துப்பறிவாளர்.

"எங்க மூணு மாடிக் கடை தெரியும்ல? விடுமுறைக் காலம் வந்தா மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு கம்பெனிக்காரங்க தங்களோட ஊழியர்களுக்குக் குடுக்க முந்நூறு லேடீஸ் வாட்ச் வாங்கினாங்க. அழகா பேப்பர் சுத்தி அனுப்பிச்சோம். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. பதினோரு பேர் பெட்டியில வாட்ச் இல்ல. மெத்தை மட்டும் இருக்கு. ஒருத்தர் ஆசையா பொண்டாட்டி கையில குடுத்திருக்காரு. அந்தம்மா பிரிச்சுப் பாத்திருக்கு. அன்னிக்கு அந்த வீட்ல அடுப்பே பத்த வெக்கலையாம்."

"அந்தப் பெட்டிக்குக் காலின்னு பேரு வெச்சது தப்பு சார். உள்ள ஒரு சண்டையே இருந்திருக்கு" என்றாள் அக்கா.

மேனேஜர் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் கண்ணாலேயே அவளை அதட்டினார்.

"பேப்பர் சுத்துறது யாரு?"

"காண்ட்ராக்டர் ஒருத்தர். அவர்கிட்ட இருபத்தாறு பொம்பளைங்க. விடுமுறைச் செலவுக்கு ஆகும்னு வீட்டுக்குப் பெட்டியை எடுத்துட்டுப் போய் சுத்திக் கொண்டு வர்றாங்க. எந்தப் பெட்டி யார் சுத்தினதுன்னு கேட்டா முழிக்கிறாரு. எல்லாம் ஒரே குவியலாக் கிடக்குமாம்." மேனேஜர் விரலை நீட்டினார். "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் டைம். எடுத்தது யாருன்னு நீங்க சொன்னா சரி. இல்லேன்னா இருபத்தாறு பேர் கூலியையும் நிறுத்திட்டு லிஸ்ட்டை போலீஸ்ல குடுத்துடுவேன். அவங்க பாடு, போலீஸ் பாடு."

ஃபீஸ் பேச்சு வந்தது. துப்பறிவாளர் ஒரு தொகை சொன்னார். மேனேஜர் அதில் சரிபாதியை வெட்டினார். அதையும் காண்ட்ராக்டர்தான் தருவார், தப்பு அவர் ஆட்கள் பக்கம்தானே என்றார். துப்பறிவாளர் மென்று விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? போன மாதம் முழுக்க வந்த கேஸ் ஒன்றே ஒன்று. அதுவும் காணாமல் போன பூனை. பூனை தானாகவே வீட்டுக்குப் போய்விட்டது.

மேனேஜர் கொண்டுவந்திருந்த பையை மேசையில் கவிழ்த்துவிட்டுப் போனார். ஏழு வாட்ச் பெட்டிகள், அவற்றைச் சுற்றியிருந்த பூப்போட்ட பேப்பர்கள். மற்ற நாலு பேர் கோபத்தில் பேப்பரைக் கிழித்து எறிந்துவிட்டார்களாம்.

அக்கா கதவைச் சாத்தினாள்.

"தம்பி, பாதி ஃபீசுக்கு ஒத்துக்கிட்டீங்களே? பொண்ணைக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறதா மூணு வருஷமா சொல்லிட்டு இருக்கீங்க. முழு ஃபீஸ்னா மூணு பேரும் போய்ட்டு வரலாம். பாதின்னா போற வழிக்குத்தான் காணும். திரும்பி வர்றப்போ என்ன, நடந்தா வருவீங்க?"

அவர் சிரித்தார். "மீதிக்கு வேற கேஸ் வரும்க்கா. இந்த வருஷம் போய்த்தான் ஆகணும். எட்டு வயசாச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு தினமும் கேக்குது. வீட்ல அவகிட்டயும் சத்தியம் பண்ணிட்டேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே, எல்லாம் நான் பாத்துக்கறேன்னு."

அக்கா கேஸ் நோட்டை எடுத்தாள். பழுப்பு அட்டை போட்ட தடி நோட்டு. துப்பறிவாளரின் மனைவி போட்டுக் கொடுத்த அட்டை. மூன்று மழையில் நனைந்தும் அது கழன்றதில்லை. தேதி எழுதி, 'காலிப் பெட்டி' என்று தலைப்புப் போட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது துப்பறிவாளர் ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவர் போல நின்றிருந்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா முகம் இப்படிப் போகுது?" அவள் அந்தப் பேப்பரை வாங்கிப் பெட்டியின்மேல் பழைய மடிப்பின்படியே வைத்துப் பார்த்தாள். டிக்கெட் கிழித்த கை, காகிதத்தைத் தொட்டாலே அதன் ஜாதகம் தெரியும். "ஆகா! இங்க பாருங்க. டேப் ஒரே ஒரு துண்டுதான், அதுவும் நடுவுல. ரெண்டு பக்கமும் டேப்பே இல்ல. ஓரத்தை மூணா மடிச்சு, நுனியை நாக்கு மாதிரி உள்ள செருகி விட்டிருக்கு. தலைகீழா உதறினாலும் பிரியாது." அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும். "ஏழும் ஒரே கை! தம்பி, பாதிக் கேஸ் முடிஞ்சுபோச்சு!"

"அக்கா, இந்தக் கேஸ் நமக்கு வேணாம்."

அக்கா பேப்பரைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"சின்னக் கேஸ். பாவம், பொம்பளைங்க ஏதோ நாலு காசுக்குப் பாக்கற வேலை."

"நம்ம வாசல்ல பெரிய கேஸெல்லாம் க்யூவுல நிக்குதா? போன புதன்கிழமை ஞாபகம் இருக்கா? ஈ ஓட்ட ரெண்டு பேர் எதுக்கு, ஒருத்தி போதும்னு மத்தியானமே நான்தானே உங்களை வீட்டுக்கு விரட்டி விட்டேன்? எனக்கு ரெண்டு மாச சம்பளம் நிக்குது, அதைக்கூட விடுங்க. நாம விட்டா அந்த ஆளு இருபத்தாறு பேரையும் ஸ்டேஷன்ல உக்கார வெப்பான். ஒருத்தி எடுத்ததுக்கு இருபத்தஞ்சு பேர் அழணுமா?"

துப்பறிவாளர் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் இறங்கி நடந்தார். நடையில் உயிர் இல்லை.

காண்ட்ராக்டரின் கிடங்கு ஒரு பழைய லாரி ஷெட். தரையெல்லாம் அட்டைப் பெட்டிகள், சுவரெல்லாம் பேப்பர் உருளைகள். காண்ட்ராக்டர் கழுத்தில் சிவப்பும் தங்கமுமாக ரிப்பன் சுருள்களை மாலை போல மாட்டிக்கொண்டு நின்றார். கல்யாண மாப்பிள்ளை கோலத்தில் இருந்தாலும் முகத்தில் மாப்பிள்ளைக் களை இல்லை. அக்கா அந்த இடத்திலேயே அவருக்கு 'ரிப்பன் மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டாள்.

"என் ஆளுங்க எல்லாம் தங்கம் சார்" என்றார் அவர். அடுத்த மூச்சிலேயே, "யாருன்னு மட்டும் சொல்லுங்க, கூலியை மொத்தமா வெட்டிடறேன்" என்றார்.

துப்பறிவாளர் கேள்வி கேட்பார் என்று அக்கா காத்திருந்தாள். அவரோ பேப்பர் உருளைகளை எண்ணுகிறவர் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இது சரிப்படாது என்று அவளே இறங்கினாள். கிடங்கின் மூலையில் ஸ்டூல் போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வருகிற பெண்களுக்குப் பெட்டியும் பேப்பரும் எடுத்துக் கொடுப்பவள்.

"ஏம்மா, இந்த மாதிரி மடிக்கிறது யாரு?"

அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "மடிப்பை எல்லாம் யாரு பாக்கறா? எண்ணி வாங்கறதுக்கே நேரம் இல்ல."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். கேள்வியைத் திருப்பிப் போட்டாள்.

"சரி, டேப் குடுக்கறது நீங்கதானே? அதிகமா டேப் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"கூலியில பிடிப்போம். எல்லாரும் வந்து எங்கிட்டத்தான் சண்டை போடுவாங்க."

"சண்டையே போடாத ஆளு யாரு?"

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "ஒன்பதாம் நம்பர்! புதுசா சேர்ந்த பொண்ணு. பன்னெண்டு நாளா ஒரே ரோல்தான். அதுலயும் பாதி மிச்சம். என்ன கைம்மா அது! எனக்குக்கூட ஒரு நாள் காட்டிக் குடுத்துச்சு, நமக்கு வரல."

அக்கா துப்பறிவாளரைத் திரும்பிப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேரு?"

"இங்க பேரெல்லாம் கிடையாது. நம்பர்தான். ரெண்டு மணிக்கு வரும். வாங்கிட்டு ஓடிடும். நாலு மணிக்குப் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்துடுமாம்."

மணி ஒன்றே முக்கால்.

"அக்கா, வயிறு சரியில்ல. நாளைக்கு வரலாமே" என்றார் துப்பறிவாளர்.

"நாளைக்கு யாரைப் பிடிக்க? உக்காருங்க தம்பி."

அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். இத்தனைக்கும் அங்கே வெயில் இல்லை.

"அக்கா, நாம பிடிக்கப் போற ஆளு நல்ல ஆளா இருந்தா?"

"நல்ல ஆளுன்னா பதினோரு வாட்ச் எதுக்கு? கைக்கு ஒண்ணு கட்டினாலும் ஒன்பது மிச்சம் இருக்குமே."

"ஏதாவது கஷ்டமா இருக்கும்."

"நமக்கு இல்லாத கஷ்டமா? நீங்க எப்பவாவது யார் வாட்சையாவது தொட்டிருக்கீங்களா? உங்க வீட்டம்மா தொடுவாங்களா? கஷ்டத்தையும் திருட்டையும் ஒண்ணாச் சேக்காதீங்க."

துப்பறிவாளர் முழங்காலுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். இவருக்கு இன்று என்ன கேடு வந்தது என்று அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. காண்ட்ராக்டரிடம் முன்பணம் கின்பணம் ஏதாவது வாங்கிவிட்டாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் லேட் ஆயிடுச்சும்மா. இன்னிக்கு எத்தனை பெட்டி?"

அக்கா அப்படியே உறைந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குரல் தினமும் மத்தியானம் ஆபீஸ் போனில் வரும். 'அவர் சாப்ட்டாராக்கா?' என்று கேட்கும். சாப்பிட்டார் என்று சொல்லும்வரை போனை வைக்காது.

மெதுவாகத் துப்பறிவாளர் பக்கம் திரும்பினாள். அவர் தலை நிமிரவே இல்லை.

"தம்பி... உங்களுக்குத் தெரியுமா?"

"காலையிலேயே தெரியும்."

"எப்படி?"

அவர் அவள் மடியிலிருந்த கேஸ் நோட்டைக் காட்டினார். அக்கா அட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினாள். மூன்று மடிப்பு. நுனி நாக்கு மாதிரி உள்ளே செருகியிருந்தது. பசை இல்லை, டேப் இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் அவள் கை தொடுகிற நோட்டு! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏழு பேப்பரைப் பார்த்தவள், கையில் இருந்ததைப் பார்க்கவில்லை. தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"எந்திரிங்க. போயிடலாம். நாம யாரையும் பாக்கல" என்றாள் கிசுகிசுப்பாக.

"போனா? நாளைக்குச் சாயந்திரம் லிஸ்ட் போலீசுக்குப் போகும். அதுல ஒன்பதாம் நம்பரும் இருக்கும்." அவர் குரல் உடைந்திருந்தது. "பிடிச்சாலும் போச்சு, விட்டாலும் போச்சுக்கா. அவ எடுத்திருக்க மாட்டா. ஆனா ஏழும் அவ கைதான். காலையில இருந்து இதையேதான் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன்."

காண்ட்ராக்டர் சாப்பிடப் போயிருந்தார்; ஸ்டூல் அம்மாளும் பெட்டி எடுக்க உள்ளே போனாள். துப்பறிவாளர் எழுந்து நின்றார். பெட்டி அடுக்கு சரிந்து விழுந்தது.

அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த பேப்பர் உருளை நழுவி உருண்டு அக்காவின் காலடியில் வந்து நின்றது.

"ஐயோ, நீங்களா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. சத்தியமா உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். கடைசி நாள் சொல்லலாம்னு..."

வேலை பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் அவள் பயந்தாள்.

"கோவமில்ல" என்றார் அவர். "நீ சுத்தின பெட்டியில பதினொண்ணு காலியா இருந்துச்சாம். கடைக்காரர் நம்மகிட்டதான் கேஸ் குடுத்திருக்காரு."

அவள் அங்கேயே ஒரு அட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினொண்ணா?" என்றாள். "ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும்னு நெனச்சேன். பதினொண்ணா?"

"என்ன மாறுச்சு? பொறுமையா சொல்லு தங்கச்சி" என்று அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டு வேலை குடுத்தாங்கக்கா. முப்பது பெட்டி வாட்சோட. நாப்பது பெட்டி காலி. கடை வாசல்ல கண்ணாடிக்குள்ள அலங்காரமா அடுக்கறதுக்கு. கீறல் விழுந்த பழைய வாட்ச் பெட்டிங்க. பேப்பரும் ஒண்ணுதான், சைசும் ஒண்ணுதான். ரிப்பன்தான் வேற வேற, அது இங்க வந்து கட்டுவாங்க. நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வாட்ச், அந்தப் பக்கம் காலின்னு தனித்தனியாத்தான் வெச்சிருந்தேன். மத்தியானம் படிக்கட்டுல இவர் செருப்புச் சத்தம். சாயந்திரம் வர்ற மனுஷன் அன்னிக்குப் பாத்து ஒரு மணிக்கே வந்துட்டாரு. கையும் ஓடல, காலும் ஓடல. எல்லாத்தையும் வாரிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்."

"என்னிக்கு இது?" என்று அக்கா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போன புதன்கிழமை."

ஈ ஓட்ட ஒருத்தி போதும் என்று அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியது அக்காதான்.

"இவர் கடைக்குப் போன நேரம் பாத்து வெளிய எடுத்தேன். எது வாட்ச், எது காலின்னு தெரியல. பெட்டிதான் கனமே தவிர வாட்ச்சுக்கு ஒரு கனமும் இல்ல. ஆட்டினாலும் சத்தம் வராது, மெத்தை கெட்டியாப் பிடிச்சுக்கும். பிரிச்சுப் பாக்கலாம்னா பேப்பர் பாழாயிடும், கூலியில பிடிப்பாங்க. கையில தூக்கித் தூக்கிப் பாத்து ஒரு மாதிரி ரெண்டு குவியலாப் பிரிச்சேன்." அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் நான் பாத்துக்கறேன்னு பொண்ணுகிட்ட அவ்ளோ பெருமையா சொன்னீங்க. நானும் சம்பாதிக்கப் போறேன்னு சொன்னா உங்க மனசு நோகும். அதான் சொல்லல. நான் திருடலங்க."

"எனக்குத் தெரியும்" என்றார். ஆனால் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரு நிமிஷமாவது சந்தேகப்பட்டிருப்பார் போலிருக்கிறது. அந்த நிமிஷம் அவரை இப்போது தின்றுகொண்டிருந்தது.

திடீரென்று அக்கா துள்ளி எழுந்தாள். "அட, நம்ம புத்தி எங்க போச்சு! பதினோரு காலிப் பெட்டி ஆளுங்ககிட்ட போச்சுன்னா, பதினோரு வாட்ச் எங்க போயிருக்கும்? திருட்டுப் போன பொருளை அந்த மேனேஜர் கடை வாசல்லயே லைட் போட்டு வெச்சிருக்கான் தம்பி! தினமும் அதுக்கு முன்னாடி நின்னுதான் தலை சீவிப்பான்!"

மூன்று மாடிக் கடையின் வாசல் கண்ணாடிக்குள், அட்டை நட்சத்திரங்களுக்குக் கீழே, சிவப்பு ரிப்பன் கட்டிய நாற்பது பெட்டிகள் கோபுரமாக எழுந்து நின்றன. மேனேஜர் மறுத்தார். அலங்காரத்தைக் கலைத்தால் முதலாளி தொலைத்துவிடுவார் என்றார். பதினோரு வாட்ச் கிடைத்தால் முதலாளி கட்டிப் பிடித்து முத்தம் கொடுப்பார் என்று அக்கா ஆசை காட்டினாள். அவர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

முதல் பெட்டி, காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதைப் பிரித்ததும் பளிச்சென்று ஒரு வாட்ச். மேனேஜர் "ஹா!" என்றார். அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே அவரே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். வாசலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் பதினோராவது வாட்ச் கிடைத்தது.

"பிரமாதம் சார்! ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க!" என்று மேனேஜர் துப்பறிவாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யாரும் திருடல" என்றார் துப்பறிவாளர். "கலந்து போயிருக்கு. அவ்வளவுதான். யார் கூலியையும் பிடிக்க வேண்டியதில்ல."

"கலக்கினது யாரு?"

அக்கா முந்திக்கொண்டாள். "கிடங்குல கலந்திருக்கும் சார். அவசரத்துல..."

"என் கிடங்குலயா?" கடையிலிருந்து போன் போனதும் ஓடி வந்திருந்த ரிப்பன் மாப்பிள்ளை சீறினார். "ரெண்டு குவியலா வந்துச்சு, ரெண்டு குவியலாத்தான் போச்சு. தங்க ரிப்பன் அதுக்கு, சிவப்பு ரிப்பன் இதுக்குன்னு நானே கூட நின்னு கட்டினேன். அலங்காரப் பெட்டி சுத்தினது ஒன்பதாம் நம்பர் ஒருத்திதான். அவ வீட்லதான் கலந்திருக்கு. பொறுப்பில்லாத ஜென்மம்!"

"பதினோரு பேர் வீட்ல எங்க கடை மானத்தை வாங்கினவ" என்று மேனேஜரும் சேர்ந்துகொண்டார். "அவளுக்கு ஒரு காசு குடுக்கக் கூடாது. மத்த இருபத்தஞ்சு பேருக்கும் குடுத்துடுங்க."

துப்பறிவாளர் ஒரு அடி முன்னால் வைத்தார். "அந்த ஒன்பதாம் நம்பர்..." என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்தவர் நின்றார். அக்கா அவர் பார்வை போன திசையில் பார்த்தாள். வாசலில் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள். அவள் யாரென்று தெரிந்தால் இவர் கூலியும் போய்விடும். பெட்டியைக் கலந்ததும் இவர் வீடு, கண்டுபிடித்ததும் இவர் வீடு என்றால் மேனேஜர் என்ன நினைப்பார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துப்பறிவாளர் அந்த ஒரு அடியைப் பின்னால் வைத்தார். தன் மனைவியை இரண்டு பேர் பொறுப்பில்லாதவள் என்று திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் ஏதாவது ஒன்று போகும் என்று தெரிந்து மூடிக்கொண்டாள். பதினெட்டு வருஷக் கொட்டகையில் எத்தனையோ குடிகாரனை வாயாலேயே வெளியே அனுப்பியவள் அவள்.

"உங்க ஃபீஸ் நான் தரணும்னு பேச்சு" என்றார் காண்ட்ராக்டர். சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். அதன்மேல் பெரிதாக 9 என்று போட்டிருந்தது. பேனாவால் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு நீட்டினார். "பன்னெண்டு நாள் கூலி. எண்ணிப் பாத்தேன், உங்க ஃபீசுக்குச் சரியா இருக்கு. எனக்கும் நஷ்டமில்ல, உங்களுக்கும் நஷ்டமில்ல."

துப்பறிவாளர் கை நீட்டவில்லை. காண்ட்ராக்டரே அதை அவர் சட்டைப்பையில் செருகிவிட்டுத் தோளில் தட்டினார்.

கடைக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். மணி மூன்றரை. பிள்ளை வீட்டுக்கு வர இன்னும் அரை மணி இருந்தது. சுற்றிலும் ஜனங்கள் கை நிறையப் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் கவரை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் அந்த 9-ஐயும் அதன்மேல் போன கோட்டையும் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

"எனக்குக் குடுக்க வேண்டியதை இப்பக் குடுக்கறேன்னு ஆரம்பிக்காதீங்க" என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "என் சம்பளம் எங்கயும் ஓடிப் போயிடாது." பிறகு, தாங்காமல் சொன்னாள்: "தங்கச்சி, அன்னிக்கு இவரை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிச்சது நான்தான்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் அவள். உண்மையாகவே தெரியாதுதான். ஆனாலும் அக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை.

"நான் அங்கயே சொல்லியிருக்கணும்" என்றார் துப்பறிவாளர். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா இதுவும் இல்ல." அவள் கவரின் திறந்த வாயை மூன்றாக மடித்தாள். நுனியை நாக்கு மாதிரி உள்ளே செருகினாள். கை பழக்கத்தில் தானாகச் செய்தது. "இவர் கூலி போறதுக்கு, என் கூலி வர்றதுக்குன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்க்கா. ரெண்டு பேரும் உழைச்சோம். ரெண்டும் சேர்ந்து ஒரே கவராப் போச்சு."

பஸ் வந்தது. அவள் ஏறப் போனவள் திரும்பினாள். சிரிக்க முயற்சி செய்தாள்.

"ஏன்க்கா, கடல்ல இருந்து இங்க நடந்து வந்தா எத்தனை நாள் ஆகும்?"

காலையில் இதே மாதிரி ஒரு கேள்வியை அக்காதான் கேலியாகக் கேட்டிருந்தாள். இப்போது இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், வழக்கம்போல ஏதாவது சொல்லுவாள் என்று. அவள் கேஸ் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ் கிளம்பும்வரை ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.